அளவு சரி, மெழுகு சரி... அந்தச் சட்டியை எங்க வெச்சீங்க?

"வீட்டிலேயே பாதுகாப்பா ஈயக்குண்டு வார்க்கலாம்." இப்படித் தமிழ்ல யாராவது சொன்னா, அவங்க ஒண்ணு நம்ம வீட்டைப் பத்தித் தெரியாதவங்க, இல்லேன்னா ஈயத்தைப் பத்தித் தெரியாதவங்க. மூணாவது வாய்ப்பே கிடையாது.

இந்தப் புலம்பலுக்குக் காரணம் சொந்தக்காரப் பையன் ஒருத்தன். ஆரணியில இருக்கான், படிச்சவன், வேலைக்குப் போறவன். கையில ஒரு ஏர்கன். 4.5 மில்லிமீட்டர் வாய், 20 ஜூலுக்குள்ள சக்தி இருந்தா நம்ம நாட்டுல லைசென்ஸ் தேவையில்லை. அதனால சட்டப்படி ஒரு தப்பும் இல்ல. ஆனா கடையில விக்கிற பெல்லட் இப்ப பிடிக்கலையாம். தானே உருக்கி, தானே வார்த்து, அளவு அச்சுல அடிச்சு, மெழுகு தடவி... எல்லாம் வெள்ளைக்காரன் வீடியோவுல பாத்துட்டு வந்து எனக்குப் பாடம் நடத்துறான். "மாமா, எல்லாம் சேஃப்டியா பண்ணலாம் மாமா, கண்ணாடி போட்டுக்கணும், க்ளவுஸ் போட்டுக்கணும், அவ்ளோதான்."

எங்கடா உருக்கப் போறன்னு கேட்டேன். மாடிப்படிக்குக் கீழயாம். அதுக்கு நேர் எதிர்ல சமையக்கட்டு. அக்கா பொண்ணு தவழ்ற வயசு. நல்லா இருக்கு சேஃப்டி!

பையனைத் திட்டி அனுப்பிட்டேன். ஆனா அவன்கிட்ட சொன்னது பத்தலை. இது அவன் ஒருத்தன் சமாச்சாரமும் இல்ல. அதனால கொஞ்சம் விலாவாரியா எழுதறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல அந்த வேலை என்னன்னு தெரிஞ்சுக்குவோம், தெரியாம திட்டக்கூடாது. காரீயம் 327 டிகிரியில உருகும். உருகினதை அச்சுல ஊத்தினா குண்டு. அச்சுல இருந்து வர்ற குண்டு எல்லாம் ஒரே பருமனா இருக்காது, உலோகக் கலவைக்கும் சூட்டுக்கும் ஏத்த மாதிரி முடியளவு கூடும் குறையும். துப்பாக்கிக் குழாய்க்கு அந்த முடியளவு பெரிய விஷயம். குண்டு சின்னதா இருந்தா பின்னாடி எரியற வாயு பக்கத்துல புகுந்து குண்டையே அரிச்சுடும். பெருசா இருந்தா குழாய்க்குள்ள அழுத்தம் ஏறும். அதனால வார்த்த குண்டை இன்னொரு எஃகுத் துளை வழியா அழுத்தித் தள்ளி ஒரே பருமனாக்குவாங்க. பொதுவா குழாய்ப் பள்ளத்தை விட அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கோ ரெண்டு பங்கோ பெருசா. நமக்கு இது புரியறதுல கஷ்டமே இல்ல. அச்சுப் பல்லுல இழை கோக்குறப்ப ஒரு பல்லு தப்பினா சேலை முழுக்கக் கோடு விழுதே, அதே கணக்குதான்.

அப்புறம் மசகு. ஈயம் மெத்து. அப்படியே சுட்டா குழாய்ச் சுவர்ல அப்பிக்கும். அதுக்காக குண்டு மேல இருக்கிற வரிப்பள்ளத்துல தேன்மெழுகு கலந்த ஒரு மசகைத் தடவறாங்க. தேன்மெழுகோட என்ன சேக்கறது, எவ்வளவு சேக்கறது, ஆட்டு ரோமக் கொழுப்பா, கர்னாபா மெழுகா, இல்ல மெழுகே வேண்டாம் பவுடர் பெயிண்ட் தூவி அவன்ல வாட்டிடலாமா... இதைப் பத்தி அவங்க அடிச்சுக்கற அடி இருக்கே, நம்ம ஊர்ல சாம்பாருக்குப் பெருங்காயம் எப்ப போடணும்னு நடக்கிற சண்டையெல்லாம் பக்கத்துலயே வராது :-)

குண்டுக்குத் தடவற கொழுப்புன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்திருக்கணுமே? 1857. பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சோம். புதுசா வந்த என்ஃபீல்டு துப்பாக்கி. தோட்டாக் காகிதத்துல கொழுப்பு. பல்லால கடிச்சுப் பிரிக்கணும். பசுக் கொழுப்பு, பன்னிக் கொழுப்புன்னு சிப்பாய்ங்க கொந்தளிச்சாங்க, மார்ச் 29 பாரக்பூர்ல மங்கள் பாண்டே, மே 10 மீரட். (அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே, 1806 ஜூலை 10, நம்ம வேலூர்ல தலைப்பாகைத் தோலுக்காக நடந்துடுச்சு. அதைப் பாடப்புத்தகத்துல ஓரமாத்தான் போடுவாங்க. சரி, அது வேற வயித்தெரிச்சல்.) பள்ளிக்கூடத்துல சொல்லாத ஒரு விஷயம் உண்டு. கம்பெனிக்காரங்க பயந்து போய் 1857 ஜனவரி கடைசியிலயே உத்தரவு போட்டுட்டாங்க. கிடங்குல இருந்து தோட்டா கொழுப்பில்லாமத்தான் வரும், சிப்பாய் தனக்குப் பிடிச்ச மசகைத் தானே தடவிக்கலாம்னு. கைமீறிப் போயாச்சு, யாரும் நம்பலை.

நான் அந்த சிப்பாய்களைக் குறை சொல்லலை. அவங்க கோபம் நியாயம். ஆனா ஒண்ணைக் கவனிங்க. எந்தக் கொழுப்புன்னு ஒரு சாம்ராஜ்யமே ஆடிப்போச்சு. அந்தக் கொழுப்புக்குள்ள இருந்த குண்டு என்ன உலோகம், அதைத் தொட்ட கையால சப்பாத்தி தின்னா என்ன ஆகும்னு யாரும் கேக்கலை. இன்னிக்கும் அதே கதை. எந்த மெழுகு, எத்தனை முடியளவு. வாதம் பூரா இதுலயே. குண்டை அளவு அடிக்கறப்பவும் மெழுகு தடவறப்பவும் கை என்ன ஆகுது, அந்தக் கை எங்க போகுதுங்கறது கடைசி வரியில, "பிறகு கைகளை நன்றாகக் கழுவவும்". அவ்ளோதான்.

கைக்கு வருவோம். அதுக்கு முன்னாடி அந்தப் பேரு.

ஈயம். இந்தச் சொல்லுதான் நம்மளை ஏமாத்துது. தமிழ்ல ஈயம்னா ரெண்டு உலோகம். வெள்ளீயம் ஒண்ணு, காரீயம் ஒண்ணு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறது வெள்ளீயம். அது 232 டிகிரியில உருகும், அதனாலதான் சொம்புல தண்ணி ஊத்தாம அடுப்புல வெச்சா ஓட்டை விழுந்துடும், வீட்ல டோஸ் விழும். பேட்டரியில இருக்கறது, வலை மணியில இருக்கறது, துப்பாக்கிக் குண்டுல இருக்கறது காரீயம். விஷம். ரெண்டையும் நாம "ஈயம்"னு ஒரே பேர்ல கூப்பிடறோம். ரசம் வைக்கிற உலோகத்துக்கு யாராவது பயப்படுவாங்களா? சரி, காரீயம்னாவது சொல்லலாம்னு பாத்தா, பென்சில்ல இருக்கிற கரியையும் காரீயம்னு எழுதி வெச்சிருக்கோம்! அதையும் பசங்க கடிச்சுக்கிட்டேதான் வளர்றாங்க. அது வெறும் கார்பன், ஒண்ணும் பண்ணாது. ஆக விஷத்துக்கு நம்ம பாஷையில இருக்கிற ரெண்டு பேருமே சாதுவான சாமான்களோட பேரு. காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரின்னு ஒரு வழக்கு இருக்கு. அதுலயும் சூட்டைத்தான் சொன்னோம், விஷத்தை இல்ல.

இனி நம்ம ஊருக்கு வரேன். "தேவிகாபுரத்துல எவன்யா தோட்டா வார்க்கறான்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இங்க வார்க்கறது வலை மணி. ஏரியில தண்ணி நின்னா வீச்சு வலை எடுக்கறவங்க நாலு பேராவது இருப்பாங்க. வலையோட அடி ஓரத்துல வரிசையா ஈயமணி கோத்திருக்கும். சிலர் கடையில வாங்குவாங்க, சிலர் வீட்லயே உருக்கி வார்ப்பாங்க. சின்ன வயசுல நான் பக்கத்துல குந்திப் பாத்திருக்கேன். பழைய பேட்டரியை உடைச்சுத் தகடு எடுக்கறது, பழைய இரும்புச் சட்டி, மூணு கல்லு, விறகு. உருகினதும் மேல படியற சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால வழிச்சு ஓரமா கொட்டறது. ஊத்தினதும் வெள்ளி மாதிரி மின்னும். பாக்க அவ்ளோ அழகா இருக்கும், பசங்க நாங்க சுத்தி நிப்போம். தூண்டில்காரங்க இன்னும் ஒரு படி மேல. வெட்டு விட்ட ஈயக்குண்டை நரம்புல வெச்சுப் பல்லால கடிச்சு மூடுவாங்க. 1857ல தோட்டாவைக் கடிச்ச மாதிரியேதான், இதுக்கு மட்டும் கலகம் எதுவும் வரலை.

அப்புறம் நாட்டுத் துப்பாக்கி. நரிக்குறவர் சமூகத்துக்குத் தலைமுறை தலைமுறையா கூட வந்த ஆயுதம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டை போச்சு, ஊசிமணி பாசிமணி வந்துச்சு. இந்தப் பக்கம் ஜவ்வாது மலை கிராமங்கள்லயும் நாட்டுத் துப்பாக்கி புழக்கம் உண்டு. வாய் வழியா மருந்து போட்டு, நார் திணிச்சு, ரவை போட்டுக் கிடைக்கிற துப்பாக்கி. பால்ரஸ் குண்டு கிடைச்சா அது, கிடைக்கலேன்னா காரீயம். காரீயம்னா யாராவது எங்கயாவது உருக்கித்தானே ஆகணும்?

ஆக, வலையோ துப்பாக்கியோ, வேலை ஒண்ணுதான். உருக்கு, ஊத்து, வழி, தேய், தடவு. விஷம் எங்கெங்க வெளியில வருதுன்னு பாருங்க.

எல்லாரும் பயப்படறது புகைக்கு. வீடியோக்காரர் சொல்வார், "காரீயம் 1749 டிகிரியிலதான் கொதிக்கும், நாம 400 டிகிரிக்கு மேல போறதில்ல, அதனால ஆவி வராது, கவலை வேண்டாம்"னு. அவர் சொல்றது அவர் வீட்டுக்குப் பாதி உண்மை. அவர்கிட்ட தெர்மோமீட்டர் இருக்கு, சூட்டைத் தானே நிறுத்திக்கிற மின்சார அடுப்பு இருக்கு. நம்மாளு ஊதுகுழல் வெச்சு விறகை ஊதறாரு. அது 400ல நிக்குமா 700ல நிக்குமா? சூடு ஏற ஏற ஆவியும் ஏறும். ஆனா அதை விட மோசமானது புகை இல்லாத சமாச்சாரம். மேல படியற கசடு, அதாவது காரீய ஆக்சைடு. மாவு மாதிரித் தூள். வழிக்கிறப்ப பறக்கும். கொட்டின இடத்துல கிடக்கும். காய்ஞ்சதும் காத்துல வரும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு மணக்காது, காரீய உப்பு சிலது நாக்குக்கு இனிப்பாவே இருக்கும்.

அளவு அடிக்கறப்ப எஃகும் ஈயமும் உரசுது, கை கருப்பாகுது. மெழுகு தடவறப்ப? இதுதான் பெரிய தமாஷ். மெழுகு கையில ஒட்டும். ஒட்டின மெழுகுல காரீயத் தூள் ஒட்டும். மெழுகு பூசின கை சாதாரணமா தண்ணி ஊத்தினா சுத்தமாகாது. அந்த ஊர்லயே இதுக்குன்னு தனியா காரீயம் எடுக்கற சோப்பு விக்கறாங்க. நம்ம ஊர்ல? லைஃப்பாய். அதுவும் இருந்தா. மெழுகு உருக்கின கிண்ணம், மீந்த நல்லெண்ணெய், தொட்ட துணி, எல்லாம் வீட்டுக்குள்ளயே திரும்பிப் போகும். நம்ம வீட்ல எந்தப் பாத்திரமும் சாகறதில்லையே? இட்லிப்பானை ஓட்டையானா கோழிக்குத் தண்ணி, அதுவும் போனா செடித்தொட்டி. உருக்கின சட்டி நாளைக்கு வடகம் காயப் போடற சட்டி ஆகாதுன்னு யாரு காவல் நிக்கறது?

பேட்டரி ஈயம் இன்னும் கொடுமை. வெளிநாட்டுல அனுபவசாலிகளே பேட்டரி ஈயத்தைத் தொடாதேன்னு கத்துவாங்க. தகட்டுல பூசியிருக்கிற பசையே காரீய உப்புத் தூள்தான், ஆசிட் வேற. இப்ப வர்ற தண்ணி ஊத்தத் தேவையில்லாத பேட்டரியில கால்சியம் கலந்திருப்பாங்க, ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் இருக்கலாம். அந்தக் கசடுல ஈரம் பட்டா கிளம்பற வாயு ஆளையே முடிக்கக்கூடியது. வெளிநாட்டுல தொடாதேன்னு சொல்றதுதான் நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கிற ஒரே ஈயம்!

ஈரம்னதும் இன்னொண்ணு. உருகின காரீயத்துல ஒரு சொட்டுத் தண்ணி உள்ள மாட்டினா அது ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல விரியும், சட்டியில இருக்கிற மொத்த ஈயமும் மூஞ்சியில வந்து அப்பும். ஈரத் தகடு, ஈரக் கரண்டி, வேர்வை. இதை மட்டும் நம்ம பெருசுங்களும் சொல்லித் தருவாங்க, ஏன்னா இது உடனே தெரியற காயம். தெரியாம வர்றதைத்தான் யாரும் சொல்லலை.

ஒரு கணக்கு போடுவோம். ரெண்டு வயசுக் குழந்தை, பத்துப் பதினொரு கிலோ. உடம்புல ரத்தம் ஏறக்குறைய 800 மில்லி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ல இருந்து "இதுக்கு மேல போனா கவனி"ன்னு வெச்சிருக்கிற அளவு ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். எட்டு டெசிலிட்டருக்கு 28 மைக்ரோகிராம். தூள் உப்பு ஒரே ஒரு துகள் எடுங்க, அதுல பாதி எடை. அவ்ளோதான், அந்த எல்லைக்குப் போக அந்தக் குழந்தை ரத்தத்துல இருக்க வேண்டிய மொத்தக் காரீயம். ஒரு ஏர்கன் பெல்லட் அரை கிராம். அரை கிராம்னா அஞ்சு லட்சம் மைக்ரோகிராம். வழிச்சுக் கொட்டின கசடு எவ்வளவுன்னு நீங்களே பெருக்கிக்கோங்க. வாய் வழியா போன காரீயத்தைக் குழந்தை உடம்பு பெரியவங்களை விட நாலஞ்சு மடங்கு அதிகமா உறிஞ்சும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பாதுகாப்பான அளவுன்னு எதுவும் தெரியவரலைன்னும் சொல்லுது. மூளையைத் தொட்டது திரும்பாது. எலும்புல சேந்தது வருஷக்கணக்கா இருக்கும், பொண்ணு கர்ப்பமானா எலும்புல இருந்து கரைஞ்சு வயித்துல இருக்கிற குழந்தைக்கும் போகும்.

இப்ப எதிர்வாதம். "இன்னாபா நீ, எங்க தாத்தா காலத்துலர்ந்து உருக்கறோம், யாருக்கு இன்னா ஆச்சு?" இதை எங்க தெருவுலயே ரெண்டு பேர் கேட்டாச்சு. ஐயா, உங்க தாத்தா ரத்தத்தை யாரு எடுத்துப் பாத்தாங்க? அந்தப் புள்ள மந்தம், இந்தப் பையன் படிப்பு ஏறலை, அவனுக்கு எப்பவும் வயித்துவலி, இவளுக்கு ரத்தசோகைன்னு சொல்லிட்டுப் போனோமே, அதுல எத்தனை இதுன்னு யாருக்குத் தெரியும்? 1960கள்ல 60 மைக்ரோகிராம் வரைக்கும் பரவாயில்லைன்னு அமெரிக்க டாக்டர்களே இருந்தாங்க. 1991ல 10 ஆச்சு, 2012ல 5, 2021ல 3.5. பாக்கப் பாக்கத்தான் தெரிஞ்சது. பெங்களூர்ல ஜார்ஜ் ஃபவுண்டேஷன் 1990களோட கடைசியில நம்ம பெருநகரக் குழந்தைங்க ரத்தத்தைப் பாத்தப்ப பாதிக்கும் மேல 10ஐத் தாண்டி இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் பெட்ரோல்ல காரீயம் 2000ல போச்சு. 2020ல யுனிசெஃப் போட்ட கணக்குல இந்தியாவுல மட்டும் 27 கோடிக்கு மேல குழந்தைங்க 5ஐத் தாண்டறாங்க. பெட்ரோல் போயும் இது. 2015ல மேகியில காரீயம்னு ஒரு நாடே பொங்கி எழுந்துச்சு இல்ல? கொல்லைப்புறத்துல கரண்டியால வழிச்சுக் கொட்டறோம், ஒரு சத்தம் இல்ல.

அடுத்தது, "அமெரிக்காக்காரன் வீட்ல செய்யலையா?" செய்யறான். அவன் வீடு வேற, நம்ம வீடு வேற. அவன் கையேட்டைத் திறந்து பாருங்க. வீட்டை விட்டுத் தனியா ஷெட்டு. காத்து வெளியேத்தற ஃபேன். வேலைக்குன்னு தனி உடுப்பு, தனி செருப்பு, தனியா துவைக்கணும். அங்க சோறு தண்ணி சிகரெட் எதுவும் கூடாது. குழந்தையும் கர்ப்பிணியும் கிட்ட வரக்கூடாது. பெருக்கக் கூடாது, ஈரத்துணியால துடைக்கணும். வருஷம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. அந்த "பாதுகாப்பா"ங்கற ஒரு சொல்லுக்குள்ள இவ்வளவும் அடக்கம். தமிழ்ல வர்றப்ப கண்ணாடியும் கையுறையும் மட்டும்தான் வருது.

நம்ம வீடு எப்படி? குழித்தறி போட்ட வீடு. தறி இருக்கிற கூடத்துலதான் படுக்கை, அங்கதான் சாப்பாடு, தறி பக்கத்துலயே ஏணை கட்டிக் குழந்தை தூங்குது. வீடும் தொழிலும் ஒண்ணுதான்னு வளந்தவங்க நாம. பட்டுக்கு அது சரி, பட்டு நூல் குழந்தை வாயில போனா துப்பிடும். அந்தப் பழக்கத்துலயே காரீயத்தையும் உள்ள கொண்டு வந்தா? ஒரு ரூமு, ஒரு துடைப்பம், சாணி மெழுகின தரை. துடைப்பம் போட்டா தூள் எழும்பும், மெழுகினா தரையோட ஒட்டும். அந்தத் தரையில தவழ்ற குழந்தை கையை வாயில வைக்காம எங்க வைக்கும்?

அதனாலதான் சொல்றேன், அளவு அச்சு எவ்வளவு நேர்த்தியா இருந்தாலும், மெழுகு எந்த ஊர் மெழுகா இருந்தாலும், வீட்டுக்குள்ளன்னு சொன்ன அடுத்த நிமிஷமே "பாதுகாப்பு" செத்துப் போச்சு.

மிகைப்படுத்தறேன்னு நினைக்கிறவங்களுக்காக ஒரு ஊர். செனகல் நாட்டுல டாக்கர் பக்கத்துல தியாரோய் சுர் மேர்னு கடலோரக் குடியிருப்பு. மீன் பிடிக்கிற ஊர். அங்க கொல்லர்கள் பழைய கார் பேட்டரியை உடைச்சு உருக்கி வலைக்குக் காரீயக் குண்டு வார்த்துக்கிட்டிருந்தாங்க, வருஷக்கணக்கா. நம்ம மூணு கல்லு அடுப்பு மாதிரியேதான். மண்ணுல தூள் சேந்துக்கிட்டே வந்துச்சு. காரீயத்துக்கு விலை ஏறினதும் பொம்பளைங்க அந்த மண்ணையே சலிச்சு விக்க ஆரம்பிச்சாங்க. 2007 நவம்பர்ல இருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 குழந்தைங்க செத்துப் போச்சு. முதல்ல வேற ஏதோ காய்ச்சல்னு நினைச்சாங்க. அங்கயும் யாரோ ஒருத்தர் "தாத்தா காலத்துலர்ந்து"ன்னு சொல்லியிருப்பார்.

கடைசியா அரசாங்கம். 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாம ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது. தோட்டாவோட பாகமும், செய்யற கருவியும் கூட அந்தச் சட்டத்துல தோட்டாங்கற வரையறைக்குள்ளயே வருது. ஆக ஏர்கன் கதையைத் தாண்டி நிஜத் துப்பாக்கிக்குக் குண்டு வார்க்க நினைக்கிறவர் விஷத்துக்கு முன்னாடி ஜெயிலைப் பத்தி யோசிக்கணும். சரிதான், சட்டம் இருக்கட்டும். என் சண்டை எங்கன்னா, அந்தச் சட்டத்துக்குத் துப்பாக்கி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைங்கன்னு தண்டோரா போடுவாங்க, வரிசையா அடுக்கி வெச்சு போட்டோ எடுப்பாங்க, பேப்பர்ல வரும். அந்த வீட்ல உருக்கின சட்டி எங்க? அந்த வீட்டுக் குழந்தைக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாங்களா? 2022 டிசம்பர்ல நாடாளுமன்றத்துல சட்டம் போட்டு நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியல்ல சேத்தாங்க. ரொம்ப சந்தோஷம், ரொம்ப லேட்டு. அவங்க குழந்தைங்களுக்கு ஸ்கூல்ல எடை பாக்கறப்ப இதையும் ஒரு தடவை பாத்தா என்ன குறைஞ்சு போகும்? ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை குடுக்கறாங்க, நல்ல விஷயம். ஏன் ரத்தசோகைன்னு கேக்கறப்ப "வீட்ல யாராவது ஈயம் உருக்கறாங்களா, பேட்டரி உடைக்கறாங்களா"ன்னு ஒரு கேள்வி சேத்துக்க எந்த நிதி ஒதுக்கீடும் வேணாமே! வலைக் கடையில மணி விக்கற அட்டைப் பெட்டியில தமிழ்ல ஒரு வரி, "இது விஷ உலோகம், வாயில் வைக்காதீர்", இதுக்கு எத்தனை மீட்டிங் வேணும்?

ஐரோப்பாவுல சதுப்பு நிலத்துல காரீய ரவை சுடறதை 2023 பிப்ரவரியில இருந்து நிறுத்திட்டாங்க, வாத்துங்க தின்னு சாகுதுன்னு. கலிஃபோர்னியாவுல வேட்டைக்குக் காரீயக் குண்டே 2019 ஜூலையில இருந்து கூடாது, கழுகுக்காக. பறவைக்காக அவ்வளவு தூரம் யோசிச்சிருக்காங்க. நான் கேக்கறது அதுல கால்வாசி, அதுவும் புள்ளைங்களுக்கு.

இதுக்கு மேலயும் உருக்கியே தீருவேன்னு நிக்கறவங்ககிட்ட ஒரே விண்ணப்பம். வீட்டை விட்டு எடுங்க. கொல்லையை விட்டும் எடுங்க. குழந்தை போகாத இடம், காத்து வீட்டுப் பக்கம் அடிக்காத இடம். அங்க போட்ட சட்டை அங்கயே இருக்கட்டும், பொண்டாட்டி துவைக்கற மூட்டையில போடாதீங்க. கசடை மண்ணுல கொட்டாம மூடி போட்ட டப்பாவுல சேருங்க. ஏர்கன் பசங்களா, பெல்லட் கடையில வாங்கிக்கோங்க, ஒலிம்பிக் போறவனே கடை பெல்லட்லதான் சுடறான். 4.49, 4.50, 4.51னு அளவு பிரிச்சு டப்பாவுலயே போட்டு வருது, நீ அளவு அடிச்சுக் கிழிக்கத் தேவையில்ல. ஆனா அதுவும் காரீயம்தான், வாயில நாலு பெல்லட்டை அடக்கி வெச்சுக்கிட்டுச் சுடற ஸ்டைலை நிறுத்து.

பழைய பேட்டரியை உடைக்காதீங்க. புதுசு வாங்கற கடையிலயே குடுத்தா விலையில கழிப்பாங்க. ஏற்கெனவே உருக்கின சட்டி வீட்ல கிடந்தா பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடாதீங்க, அது தேய்ச்சு மினுக்கி வேற ஊர்ச் சந்தையில சட்டியாவே நிக்கும். அடியில ரெண்டு ஓட்டை போட்டுட்டு அப்புறம் போடுங்க.

பி.கு: அந்தப் பையன் அச்சு ஆர்டர் பண்ணிட்டானாம், பார்சல் வழியில இருக்காம். அக்கா வீட்டு அட்ரஸுக்கு. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கே ஆரணி போறேன்.